அறுபது தாண்டியவர் மணலில் இறங்கக் கூடாது

14

காசிலிங்கம் தங்கையின் முகத்தை மறைத்தார், குரலை மறைக்கத் தவறினார். இதுவரை வந்த கதையை அவசரக்காரர்களுக்கு இந்த ஒரு வரியிலேயே சொல்லிவிடலாம்.

அவசரம் இல்லாதவர்களுக்கு இன்னும் கொஞ்சம். லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில் வசிக்கும் அலுவலகக் கண்காணிப்பாளர் காசிலிங்கம், கொரோனா வந்து ஆபீஸ் பாதி நாளானதும், மீதிப் பாதி நாளை மனித குலத்துக்குக் கொடுத்துவிட்டார். 'முதியோர் நம் குழந்தைகள்' என்று முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினார். வைத்திக்குப்பத்துக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருக்கும் நம் கதையின் குப்பத்தில் மீன் ஏலம் போடுகிற அஞ்சலாட்சி அவருடைய கூடப் பிறந்த தங்கை. யாரோ போனில் பிடித்து அனுப்பிய அவளுடைய வீடியோ அவர் கைக்கு வந்தது. முகக்கவசம் தாடைக்குக் கீழே. சுற்றிலும் கூட்டம். கூட்டத்தின் நடுவே கை வீசிக் கத்திக்கொண்டு அவள்.

குடும்ப மானம் முக்கியம் என்பதால் முகத்தை மங்கலாக்கச் சொல்லி மகள் சத்யப்பிரியாவிடம் கொடுத்தார். சமூக அக்கறையும் முக்கியம் என்பதால் முன்னால் சங்கு, பின்னால் சாவு மேளம் சேர்க்கச் சொன்னார். முடிவில் அவரே பேசினார்: "அன்பார்ந்த இளைய சமுதாயமே, இந்த முதிய குழந்தைகளை அன்போடு பூட்டி வையுங்கள்."

ஏலம் போடுகிறவளுக்கு முகம் எதற்கு? அஞ்சலாட்சியின் குரல் கேட்காமல் பெரிய மார்க்கெட் மீன்காரிகளுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. வீடியோ வெளியான அன்று மதியத்துக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது, மங்கலாக இருப்பது யார் என்று.

அன்றிலிருந்து நான்காம் நாள், வியாழக்கிழமை. அங்கேதான் இப்போது நிற்கிறோம்.

*

பல் துலக்கிக்கொண்டே சத்யப்பிரியா வீடியோவுக்கு வந்திருந்த கருத்துகளைப் படித்தாள். படித்திருக்கக் கூடாது.

'எமன் டோக்கன் குடுத்தும் லைன்ல நிக்காம சுத்துது பாரு.'

'இதுங்களுக்கு வெண்டிலேட்டர் வைக்காதீங்க. கரண்டு தண்டம்.'

'எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. கேட்டைப் பூட்டி சாவியை பாக்கெட்ல வெச்சிருக்கேன்.' அதன் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள், வரிசையாக.

கடைசியாக ஒரு பெண்மணி. 'திட்டாதீங்க, பாவம். வயசானா எல்லாரும் குழந்தைதான். ஒண்ணும் புரியாது. சாக்லேட் குடுத்து உட்கார வெக்கணும்.' பக்கத்தில் மூன்று இதயங்கள். வசவுகளைக் கூடத் துப்பிவிடலாம். இந்த இதயங்கள்தான் நாக்கில் ஒட்டிக்கொண்டன. சத்யப்பிரியா வாயிலிருந்த பேஸ்டைத் துப்பிவிட்டு, போனைத் தொட்ட கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"ரீச் எப்படிப் போவுது?" என்றார் காசிலிங்கம், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"போவுதுப்பா. வெள்ளவாரிச் சாக்கடை வாய்க்கால் மாதிரி போவுது."

"மக்கள் உணர்ச்சிவசப்படறாங்க. நம்ம நோக்கம் நல்லது."

"அத்தை அதுல 'தள்ளி நில்லுங்கடா, ஒருத்தன் மேல ஒருத்தன் விழாத'ன்னு கத்தினாங்க. அதை எதுக்கு வெட்டச் சொன்னீங்க?"

"நீளமா இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க."

"மாஸ்க் போட்டுக்கிட்டு ஏலம் போட்டா கடைசில நிக்கிறவங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"அதெல்லாம் ஒரு காரணமா? வயசானவங்க வீட்ல இருக்கணும். அவ்ளோதான்."

வயது விஷயத்தில் இந்தக் குடும்பம் சற்று விசேஷமானது. காசிலிங்கத்துக்கு அறுபத்து நான்கு. பத்து வயதில் அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார், பின்னால் உத்தியோகத்துக்கு உதவும் என்று ஐந்தைக் கழித்து எழுதிவைத்தார். ஆகவே அரசாங்கத்துக்கு அவர் ஐம்பத்தொன்பது. அஞ்சலாட்சி அவருக்கு மூன்று வயது இளையவள். ஆதார் எடுக்க வந்த ஆள் வெயிலிலும் உப்பிலும் வெந்த அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்தான், அவளைக் கேட்கவில்லை, அறுபத்தெட்டு என்று தட்டிவிட்டான். அப்படியாக அரசாங்கக் கணக்கில் தங்கை அண்ணனை முந்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டாள்.

அண்ணன் பின்தங்கியே இருக்க அரும்பாடு பட்டார். முடி திருத்தும் கடைகள் மூடிவிட்டதால் தலைமயிர் வேரில் வெள்ளை எட்டிப் பார்த்தது. மனைவி நிர்மலாதேவி தன் கண் மை பென்சிலால் காலையில் அரைமணி நேரம் அவர் காதோரத்தில் வேலை செய்தாள். அன்று மதியம் அவருக்கு ஜூமில் பாராட்டு விழா.

சத்யப்பிரியாவின் போன் அடித்தது. அத்தை.

"சத்யா, பின்னால அடிக்கிற மேளம் எந்த ஊரு மேளம்? நல்லா அடிக்கிறான். என் சாவுக்குச் சொல்லி வெக்கணும்."

"அத்தே... அப்பா தெரியாம..."

"தெரியாம மூஞ்சிய மறைச்சாரா? சரி வுடு. சாயந்திரம் ஊர்க் கமிட்டி கூடுது. அறுபது தாண்டினவங்க மணல்ல எறங்கக் கூடாதுன்னு சொல்லப் போறாங்களாம். அந்த வீடியோவால ஊரு மீனையே யாரும் வாங்க மாட்டேன்றாங்களாம். நாளைக்கு விடியக்காலை நம்ம குப்பத்து முத்துவேலு மைக்கு வெச்சு ஏலம் போடப் போறானாம்."

"ஒரு நாள் தானே அத்தே?"

"ஒரு நாளா? அவன் வாயால ஒரு கூடை போச்சுன்னா என் எடம் அவன் எடம். அதான் மணல்ல வழக்கம். என் மாமியாருகிட்ட இருந்து நான் வாங்கின எடம். அது போனா நான் எவன் கூடையத் தூக்கிப் பொழைக்கிறது? உங்க அப்பாவைப் பாக்க வரேன். அவரு ரெண்டு வார்த்தை பேசினா கமிட்டிக்காரங்க கேப்பாங்க."

*

அஞ்சலாட்சி வந்தபோது பாராட்டு விழா தொடங்கியிருந்தது.

நிர்மலாதேவி கேட்டுக்கு உள்ளே நின்றாள், அஞ்சலாட்சி வெளியே. அவள் நீட்டிய பையில் சங்கரா மீன், இன்னும் கண் மங்காதது.

"உள்ள வாங்கன்னு சொல்லலாம் அஞ்சலா, ஆனா உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த வயசுல தொத்திக்கிட்டா தாங்காது."

"யாருக்கு அண்ணி, எனக்கா உங்களுக்கா?"

நிர்மலாதேவி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கேட்டுக்கு வெளியே வைத்தாள். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மீனின் வயதை யாரும் கேட்கவில்லை.

உள்ளே காசிலிங்கம் மேலே கோட்டும் கீழே லுங்கியுமாக லேப்டாப் முன் அமர்ந்திருந்தார். தலையில் ஒரு விளையாட்டு வீரர் தொப்பி. திரையில் 'கீழைக் கடற்கரை நல்லெண்ணப் பேரவை'யின் நிறுவனத் தலைவர் டாக்டர் தணிகாசலம். எதில் டாக்டர் என்று கேட்கும் வழக்கம் பேரவையில் இல்லை. தணிகாசலத்துக்கே எழுபத்து மூன்று. அவர் பின்னால் மாட்டியிருந்த அவருடைய படத்துக்கு நாற்பது.

"முதியோரின் நண்பர், என்றும் இளைஞர், நமது காசிலிங்கம் சார் அவர்களுக்கு 'முதுமைக் காவலர்' என்ற பட்டத்தை..."

பத்துப் பன்னிரண்டு சதுரங்களில் கைகள் ஓசையின்றித் தட்டின. ஒரு சதுரத்தில் காசிலிங்கத்தின் ஆபீஸ் மேலதிகாரியான துணைச் செயலாளர் இருந்தார். அந்த ஒரு சதுரத்துக்காகத்தான் இவ்வளவும். அடுத்த வருஷம் ஓய்வு. அதற்குப் பிறகு 'ஆலோசகர்' என்று ஒரு நாற்காலி உண்டு. சுறுசுறுப்பானவர்களுக்கு மட்டும் என்று துணைச் செயலாளரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

"அண்ணே," என்று வெளியிலிருந்து அஞ்சலாட்சி கூப்பிட்டாள்.

அவள் மெதுவாகத்தான் கூப்பிட்டாள். அவளுடைய மெதுவு மற்றவர்களின் சத்தம். திரையில் ஒரு சதுரம் சட்டென்று விழித்துக்கொண்டது.

"சார், இந்தக் கொரலு... உங்க வீடியோல வர்ற அம்மா மாதிரி இல்ல?"

இன்னொருவர் சிரித்தார். "அதேதான். கெழவி வீடு வரைக்கும் வந்துடுச்சா? சார், சானிடைசர் ரெடியா வெச்சுக்குங்க."

சதுரங்கள் எல்லாம் குலுங்கின. துணைச் செயலாளரும் புன்னகைத்தார். "யாரு சார் அவங்க?"

லேப்டாப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த சத்யப்பிரியா அப்பாவின் வாயையே பார்த்தாள். அந்த வாய் அதிகம் யோசிக்கவில்லை.

"மீன் கொண்டு வர்ற அம்மா சார். வேற யாரும் இல்ல."

ஜன்னல் திறந்திருந்தது. கேட் ஜன்னலுக்கு நேர் எதிரே.

சத்யப்பிரியா வெளியே வந்தாள். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கவில்லை. முந்தானையால் அதைத் துடைத்து, சுவர் ஓரமாகத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அவரு சொன்னது..."

"மீன்காரிதானேடி. அதுல என்னா பொய்யி? சாயந்திரம் வருவாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

உள்ளே தணிகாசலம் வேறொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். காவலர் களத்தில் இறங்க வேண்டும். அந்தக் குப்பத்துக்கே போய்ப் பேச வேண்டும். அதை நேரலையில் போட வேண்டும். காசிலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த ஊர்க் கமிட்டி தன்னை ஏற்கெனவே சிறப்பு விருந்தினராக அழைத்திருப்பதை அடக்கத்துடன் தெரிவித்தார். அடக்கம் அவருக்கு நன்றாக வரும். பலமுறை ஒத்திகை பார்த்தது.

"வரேன்னு சொல்லிட்டாரு அத்தே," என்றாள் சத்யப்பிரியா, அத்தையின் முகத்தைப் பார்க்காமல்.

"வராரா?" அஞ்சலாட்சி முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டாள். "அது போதும். என்னா இருந்தாலும் கூடப் பொறந்தவரு. அங்க வந்து நின்னா வாய் தன்னால வந்துடும்."

*

சாயந்திரம் மணலில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. வட்டங்களை நாய்கள் மட்டும் மதித்தன.

ஊர்க் கமிட்டித் தலைவர் சாமிக்கண்ணு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் கமிட்டிக்காரர்கள். அத்தனை பேருமே அறுபது தாண்டியவர்கள். சாமிக்கண்ணுவுக்கு எழுபத்திரண்டு. அறுபது தாண்டியவர்களை மணலில் விடக் கூடாது என்று முடிவெடுக்க, அறுபது தாண்டியவர்கள் மணலில் கூடியிருந்தார்கள். இதில் யாருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. அறுபதுக்கு மேல் பொம்பளைக்கு வருவது வயது, ஆம்பளைக்கு வருவது அனுபவம்.

காசிலிங்கம் காரிலிருந்து இறங்கினார். தொப்பி, முகக்கவசம், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் முகத்திரை, கழுத்தில் பேரவை அனுப்பிய பொன்னாடை. சத்யப்பிரியா போனைத் தூக்கிப் பிடித்தாள். நேரலை ஓடத் தொடங்கியது. துணைச் செயலாளர் பார்க்கிறார் என்று திரையில் பெயர் வந்தது. காசிலிங்கம் அதை எட்டிப் பார்த்து நிம்மதியானார்.

அஞ்சலாட்சி பெண்கள் பக்கம், கடைசி வட்டத்தில் நின்றாள். அண்ணனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

"சகோதர சகோதரிகளே," என்று தொடங்கினார் காசிலிங்கம். "முதுமை என்பது இரண்டாவது குழந்தைப் பருவம்..."

கால் மணி நேரம் பேசினார். அதில் குழந்தை பலமுறை வந்தது. சுமை, கவனமின்மை, பிடிவாதம் எல்லாம் வந்தன. தங்கை வரவில்லை. அஞ்சலாட்சியின் தலையசைப்பு நடுவில் எங்கேயோ நின்றுபோனதைச் சத்யப்பிரியா திரையில் பார்த்தாள்.

சாமிக்கண்ணு தாடையில் தொங்கிய முகக்கவசத்தைச் சொறிந்துகொண்டே தீர்ப்பைச் சொன்னார். "சார் சொன்னாப்பல, அறுபது தாண்டின யாரும் ஏலத்துக்கு எறங்கக் கூடாது. நாளையில இருந்து முத்துவேலு போடுவான்."

நாற்பது வயது முத்துவேல் கையில் மைக்கோடு தயாராக இருந்தான். அதைத் தட்டிப் பார்த்தான். கொர்ரென்றது.

படகுக்காரர் ஆனந்தராஜ் கை தூக்கினார். "தலைவரே, ஒண்ணு. அஞ்சலாக்கா வாயில தான் என் போட்டு மீனு ஒரு வெலைக்குப் போவுது. மைக்கு வெலை ஏத்தாது. உடம்பு முடியாதவங்க எடத்துல கூடப் பொறந்தவங்க வந்து நின்னா எடம் போகாதுன்னு ஒரு வழக்கம் இருக்கு இல்ல?"

"இருக்கு," என்றார் சாமிக்கண்ணு யோசனையோடு. "ஆனா அந்தம்மாவுக்குக் கூடப் பொறந்தவரு நம்ம காசிலிங்கம் சாரு ஒருத்தர் தான். அவரு அஞ்சலாட்சிக்கு மூத்தவரு. அவரையும் இந்த வயசுல மணல்ல எறக்க முடியாது. வயசாளி பாவம்."

கேலியில்லாமல்தான் சொன்னார். மனசார இரக்கப்பட்டார். அதுதான் காசிலிங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது. நேரலையில், துணைச் செயலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வயசாளி. பாவம்.

"ஒரு நிமிஷம்," என்றார். "யாரு மூத்தவரு? எனக்கு இன்னும் அறுபதே ஆகல. ஐம்பத்தொன்பது. ரெக்கார்டு இருக்கு."

"இல்ல சார், சின்ன வயசுல நீங்க இந்தம்மாவ இடுப்புல தூக்கிக்கிட்டு இதே மணல்ல..."

"நான் தூக்கினதா? தப்பு. அஞ்சலாட்சி எனக்கு அக்கா."

அலை வந்து திரும்பியது. இரண்டு பேரையும் பிறந்ததிலிருந்து பார்த்த கிழங்கள் நான்கைந்து அங்கே இருந்தன. அவை மணலைப் பார்த்தன.

அஞ்சலாட்சிக்குத் துப்ப வேண்டும்போல் வந்தது. நோய்க் காலம் என்று விழுங்கிக்கொண்டாள். மதியம் மீன்காரி ஆனாள், அது உண்மை. இப்போது அக்கா. ஒரே நாளில் அண்ணன் தன்னை எத்தனை பேராக்கிவிட்டார் என்று பார்த்தாள். பிறகு வட்டத்தை விட்டு வெளியே வந்தாள்.

"அக்காவா?" என்றாள்.

காசிலிங்கம் முகத்திரைக்குள் விழித்தார். பின்வாங்க வழியில்லை. "ஆமாங்கக்கா."

"ஊரு கேட்டீங்க இல்ல? தலைவரே, கேட்டீங்க இல்ல?"

"கேட்டேன்மா."

"அப்போ சரிடா தம்பி." அவள் குரல் இறுக்கமாக இல்லை. விடியற்காலையில் முதல் கூடையைக் கீழே வைத்ததும் வருகிற குரல் அது, கரையின் அந்தப் பக்கம் வரை போகும். "உனக்கு அறுபது ஆகல. நீ என் கூடப் பொறந்தவன். தலைவரு சொன்ன ரெண்டும் உனக்கு இருக்குது. நாளைக்கு விடியறதுக்கு முன்ன வந்து என் எடத்துல நில்லு. நோவு போற வரைக்கும் நீதான் ஏலம்."

"அ... அஞ்சலா, எனக்கு ஆபீஸ்..."

"அக்கான்னு சொல்லுடா."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். முகக்கவசத்துக்கு மேல் பொத்தினாள்.

"ஏழு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும் சார்," என்றார் ஆனந்தராஜ் மிகுந்த மரியாதையோடு. "ஆபீஸ் போறதுக்குள்ள குளிச்சிட்டா வாடை போயிடும். பாதி போயிடும்."

"அந்தக் கோட்டெல்லாம் வோணாம்," என்றாள் அஞ்சலாட்சி. "செதிலு ஒட்டினா போவாது. மூஞ்சில மாட்டியிருக்கியே கண்ணாடி, அதையும் கழட்டிட்டு வா. கடைசில நிக்கிறவனுக்குக் கேக்கணும். உன்னையும் எவனாவது வீடியோ எடுப்பான், கண்டுக்காத. மூஞ்சிய மறைச்சிதான் போடுவாங்க."

காசிலிங்கம் சாமிக்கண்ணுவைப் பார்த்தார். தப்பிக்க ஒரு வழி இருந்தது. எனக்கு அறுபத்து நாலு என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை வாய் வரை வந்து, போன் கேமராவைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போனது.

சாமிக்கண்ணு எழுந்தார். "கூடப் பொறந்தவரு, அறுபதுக்கு உள்ள. சொன்னது சாரே. அவரு நாளைக்கு வந்து நின்னா அஞ்சலாட்சி எடம் நிக்குது. வரலேன்னா முத்துவேலு போடுவான். முத்துவேலு, மைக்கோட வந்து தயாரா நில்லு."

முத்துவேல் தயாராகத்தான் இருந்தான். விருந்தினரின் தொப்பையையும் பொன்னாடையையும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, நிம்மதியாக மைக்கைச் சார்ஜில் போடப் போனான்.

*

திரும்பும்போது காரைச் சத்யப்பிரியா ஓட்டினாள். காசிலிங்கம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். வியர்வையில் கண் மை கரைந்து காதோரம் வழிந்திருந்தது.

"அந்த லைவை எடுத்துடு."

"எடுத்துடலாம்ப்பா. ஆனா துணைச் செயலாளர் ஷேர் பண்ணிட்டாரு."

"என்னன்னு?"

சிக்னலில் வண்டி நின்றது. அவள் போனைப் பார்த்துப் படித்தாள். "'இந்த வயதிலும் களத்தில் இறங்கும் உங்கள் சுறுசுறுப்புக்கு வாழ்த்துகள். நாளைக் காலை நானும் குடும்பத்தோடு மீன் வாங்க வருகிறேன்.'"

காசிலிங்கம் பொன்னாடையை மடித்துப் பின் சீட்டில் போட்டார். அவர் கெஞ்சினால் என்ன சொல்வது என்று சத்யப்பிரியா யோசித்து வைத்திருந்தாள். அவர் கெஞ்சவில்லை. பிறகு ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு தரம்," என்றார்.

"கேக்கலப்பா," என்றாள் சத்யப்பிரியா.